9503-ஆம் தலைப்பு அவர்களுக்கு ஒரு டிராக்டர்காரரின் விண்ணப்பம்

அனுப்புநர்
ஒரு முழு டிராக்டருக்கும், இருபத்து நாலில் ஒரு பங்கு டிராக்டருக்கும் சொந்தக்காரன்,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு 9503-ஆம் தலைப்பு அவர்கள்,
அத்தியாயம் 95 (பொம்மைகள், விளையாட்டுச் சாமான்கள்),
சுங்கக் கட்டண அட்டவணை, புது தில்லி.

பொருள்: டிராக்டர் எந்த அளவுக்குச் சுருங்கினால் பொம்மையாகும் என விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. 2020 பட்ஜெட் (பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது)
2. 2023 பட்ஜெட் (60 சதவீதம் 70 ஆனது)
3. பொம்மைகள் (தரக் கட்டுப்பாடு) ஆணை, 2020

ஐயா,

ஓர் எண்ணுக்கு மனு எழுதும் வழக்கம் இல்லைதான். மனுவுக்கு எண் போட்டுவிட்டு மனுதாரரை மறந்துவிடும் நாட்டில், எண்ணையே மனிதராக நினைத்து எழுதினால் பதில் வரலாம் என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளிநாட்டிலிருந்து பாகங்களாகப் பெட்டியில் வந்த ஒரு டிராக்டர் மாதிரிக்கு வரியைக் கட்டிவிட்டேன். திருப்பிக் கேட்கும் எண்ணம் இல்லை. மூவாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு 2,100 ரூபாய் சுங்கம் என்பது மரவள்ளி விலை பார்த்துப் பழகியவனுக்குப் பெரிய அதிர்ச்சியும் இல்லை. எனக்கு வேண்டியது விளக்கம் மட்டுமே.

தாங்கள் 1988-இல் உலக அளவில் நடைமுறைக்கு வந்த சுங்க வகைப்பாட்டின் வாரிசு. தங்கள் குடும்பம் பெரியது. மூன்று சக்கர சைக்கிள், மிதித்து ஓட்டும் கார், பொம்மை, பொம்மைக்கான தள்ளுவண்டி, புதிர் விளையாட்டு எல்லாம் அதில் உண்டு. அந்த வரிசையிலேயே, அளவில் சுருக்கிய மாதிரிகளும் அவை போன்ற பொழுதுபோக்கு மாதிரிகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இயங்கினாலும் சரி, இயங்காவிட்டாலும் சரி என்று ஒரு பின்குறிப்பு வேறு. எங்கள் பக்கம் இயங்காத டிராக்டரைக் களத்து மேட்டில் நிறுத்தித் தார்ப்பாய் போர்த்திவிடுவோம். கோழி அடையும். வண்டி ஓடாது, தவணை மட்டும் ஓடும். அதை இதுவரை யாரும் பொம்மை என்று சொன்னதில்லை.

என் காட்டில் உழுகிற சிவப்பு டிராக்டர் 8701-ஆம் தலைப்பு அவர்களின் பொறுப்பில் இருக்கிறது. அவருக்கு நாட்டில் நல்ல மரியாதை. 2025 செப்டம்பர் 22 முதல் உழவு டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அது வேறு வரி, இது வேறு வரி என்பீர்கள், சரி. ஆனால் அதே டிராக்டரை 1:24 அளவில் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டியில் போட்டால் அது உங்கள் பிள்ளையாகிவிடுகிறது. நீளத்தில் 24 மடங்கு சுருங்கினால் கன அளவில் 13,824 மடங்கு சுருங்கும். ஒன்றரை டன் டிராக்டர் இந்தக் கணக்கில் ஏறக்குறைய 108 கிராம் ஆகிறது, அதாவது இரண்டு நாமக்கல் முட்டை.

இந்த ஒன்றரை டன்னுக்கும் இரண்டு முட்டைக்கும் இடையில் எந்த இடத்தில் டிராக்டர் பொம்மையாகிறது? பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் மினி டிராக்டரை ஏற்கெனவே பொம்மை என்றுதான் கேலி செய்கிறார்கள். தாங்கள் அந்தக் கேலியில் சேராதது தங்கள் பெருந்தன்மை. நாளைக்கே ஒருவர் பாதி அளவில் ஒன்றைக் கட்டி, டீசல் ஊற்றி, பாத்தியில் இறக்கி ஓட்டினால் அவர் 8701-இடம் போக வேண்டுமா, தங்களிடம் வர வேண்டுமா?

அடுத்தது, பொது விளக்க விதி 2(அ). பிரித்துப் போட்ட பொருளும் முழுப் பொருளே என்கிறது அந்த விதி. இதைப் படித்ததும் எழுந்து நின்று கும்பிட்டேன். பெட்டியைத் திறந்தபோது எனக்குத் தெரிந்தவை பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாய்த் தொங்கிய சாம்பல் நிறத் துண்டுகள். எது அச்சு, எது பெடல், எது புகைக்குழாய் என்று பிரித்தறியவே பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. அந்தக் குவியலில் முழு டிராக்டரை முதல் பார்வையிலேயே கண்டுவிட்ட கண் தங்களுடையது. அப்படியானால் அதை ஒட்டிக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது; அடக்கிக்கொண்டேன்.

பெட்டியில் இருந்தது ஃபெர்குசன் டிஇ-20. ஹெல்லர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கிட். அசல் வண்டி 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தை அடைந்தது இந்த வண்டிகளில்தான். ஹாரி ஃபெர்குசனின் நிறுவனம் 1953-இல் கனடாவின் மாஸி-ஹாரிஸோடு இணைந்தது. அதிலிருந்து பிறந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே கட்டுவதற்காகத்தான் 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கியது. அந்த வகையில், ராசிபுரம் காட்டில் ஓடும் சிவப்பு வண்டிக்கு இந்தச் சாம்பல் வண்டி பாட்டி முறை. பாட்டியைப் பொம்மைக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

இதைக் கட்டும் முறையைத் தங்கள் கோப்புக்காகச் சுருக்கமாகத் தருகிறேன். வார்ப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் போக, சட்டங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. பாகத்தைக் கையால் பிய்க்கக் கூடாது. கட்டிங் பிளேயரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட வேண்டும். பசை தொடும் முன்பு வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். இதற்கான பசை சாதாரணப் பசை அல்ல. இரண்டு முகங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது. அவசரத்துக்கு ஃபெவிக்விக் போட்டால் அதன் ஆவி விளக்குக் கண்ணாடியில் வெள்ளைப் படலமாய்ப் படியும். எல்லாம் முடிந்து, உழுத வண்டியாகத் தெரிய வேண்டுமே என்று காட்டுச் செம்மண்ணைத் துணியில் சலித்துத் தூவினாலும் பயனில்லை. கால் மில்லிமீட்டர் துகள், இந்த அளவில் ஆறு மில்லிமீட்டர் ஜல்லி. சாக் கட்டியை மாவாக அரைத்துத்தான் புழுதி செய்ய வேண்டியிருக்கிறது.

இதில் டாப் லிங்க் என்று தீக்குச்சி அளவில் ஒரு பாகம். காட்டில் அதைக் கலப்பையின் சாய்வைச் சரிசெய்யத் திருகுவோம். அதற்கு மேல் யோசித்ததில்லை. ஃபெர்குசனுக்கு முன்னால் டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைக் கட்டி இழுத்தார்கள். கொழு பாறையிலோ வேரிலோ மாட்டினால் பின்சக்கரம் நகராது, மூக்கு எழும்பும், வண்டி ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். ஃபெர்குசன் கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என மூன்று இடத்தில் கலப்பையைப் பிடித்தார். கொழு மாட்டும்போது மேல் கை வண்டியை முன்னோக்கித் தள்ளும். மூக்கு எழும்பாமல் அமுங்கும். அந்தத் தீக்குச்சியை அதன் குழியில் உட்காரவைக்கும்போதுதான், இத்தனை நாளும் என் உயிரைப் பிடித்துவைத்திருந்தது எது என்று புரிந்தது. டிராக்டர் விற்ற கடையில் சொல்லாததை, டிரைவர் வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்லாததை, தங்கள் பொம்மை சொன்னது.

இனி நாமக்கல் பட்டறைகளைப் பற்றி. தங்களுக்கு இந்த ஊர் தெரியாமல் இருக்காது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நாட்டின் லாரிகள் இங்கே வந்து உடம்பு கட்டிக்கொண்டு போகின்றன. ஓசூரிலிருந்து மொட்டை சேஸிஸ் வரும். டிரைவர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு வருவார். அதற்குத் தச்சர், வெல்டர், டிங்கர், பெயிண்டர், எழுத்துக்காரர் சேர்ந்து கேபினும் பாடியும் கட்டி, பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் விட்டு, கலர் அடித்து, முன்னால் எலுமிச்சை மிளகாய் தொங்கவிட்டு அனுப்புவார்கள். என் மேசையில் நடந்ததும் இதே வேலை, இதே வரிசையில்.

ஆனால் சட்டத்தின் பார்வை வேறு. இன்ஜின் பொருத்திய மொட்டை சேஸிஸுக்கு 8706 என்று தனித் தலைப்பே இருக்கிறது. அதை முழு லாரி என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் கட்ட வேண்டிய வண்டி என்ற மரியாதை அதற்கு உண்டு. இரண்டு முட்டை எடையுள்ள என் குவியலுக்கு அந்த மரியாதை இல்லை. அது முழு டிராக்டர், முழுப் பொம்மை, முழு வரி.

என் வண்டியைப் பட்டறை பெயிண்டர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, லோடு எத்தனை டன்னு போடலாங்க?"

"பெர்மிட் இன்னும் வரலீங்க."

அவர் சிரித்துக்கொண்டே, பட்டறைத் தின்னர் பட்டால் இந்தப் பிளாஸ்டிக் இளகிவிடும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான் சரி என்றார். "ஒரே அடியா அடிக்காதீங்ணா. லேசா லேசா விட்டுக் காய விடுங்க" என்று ஒரு வாழ்நாள் அனுபவத்தை இனாமாகக் கொடுத்தார். சிவப்பு அடிக்கச் சொன்னார். பாட்டிக்குச் சாம்பல்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பேச்சு முடிந்தும் வண்டியைக் கீழே வைக்கவில்லை. "இதுல பார்ட்டு ஒன்னொன்னும் யாருங்ணா வெட்டுனது?" என்று கேட்டார். ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மனு.

அந்தக் கேள்விக்கு வரும் முன் வயதுக் கணக்கு ஒன்று. பார்வை 3-இல் கண்ட ஆணைப்படி 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொருளே பொம்மை என்கிறது ஆணை. நல்ல ஆணை, சாயத்தில் ஈயம் கலந்த பொம்மையை எந்தக் குழந்தையும் வாயில் வைக்கக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையைக் காக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றை வைத்துச் சோதிப்பார்கள். அதற்குள் அடங்கும் துண்டு ஆபத்தானது. என் டிராக்டரின் ஸ்டீயரிங் 17 மில்லிமீட்டர். பாகங்களில் பெரும்பாலானவை அந்த உருளைக்குள் குதித்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் இதை விழுங்கும் வயதில் யாரும் இல்லை. என் பேரனே 14-ஐத் தாண்டிவிட்டான். அவனுக்குச் செல்போன் போதும். வரிக்குப் பொம்மையாகவும் வயதுக்குப் பெரியவர் சாமானாகவும் இருக்கும் இதற்கு, குழந்தை ஒன்றை அரசே ஏற்பாடு செய்தால் கணக்கு நேராகும்.

தங்கள் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றத்தான் 20 சதவீதம் 70 ஆனது. 2014-15-க்கும் 2022-23-க்கும் இடையில் பொம்மை இறக்குமதி 52 சதவீதம் குறைந்தது, ஏற்றுமதி 239 சதவீதம் கூடியது என்று அரசு சொல்கிறது. மகிழ்ச்சி. தேர்க்கடையில் விற்கும், இழுத்துவிட்டால் ஓடும் டிராக்டரைச் செய்கிறவருக்கு இந்த வரி உதவியிருக்கும். ஆனால் பாதுகாப்பு வரி என்றால் பாதுகாக்க ஓர் ஆள் வேண்டும். டாப் லிங்க் வரை அச்சில் வெட்டிய கிட்டை எங்கள் பக்கம் யார் செய்கிறார்? யாரும் இல்லாத பட்டறைக்குக் காவல் போட்டு, காவல் கூலியை மட்டும் என்னிடம் வாங்குகிறீர்கள்.

அந்த ஆள் எப்படி வருவார் என்பதற்கும் எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. லாரி பாடி கட்டக் கற்றவர்கள் கல்லூரியில் கற்கவில்லை. பிறர் கட்டிய வண்டியைப் பிரித்துப் பார்த்து, அடிபட்டு வந்ததைச் சரிசெய்து, அளவெடுத்து, பிறகு சொந்தமாகக் கட்டினார்கள். திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் இன்று நாடெங்கும் ஆழ்துளை போடுவதும் அப்படிக் கற்ற கைகளால்தான். கிட் செய்யப்போகிறவரும் முதலில் பிறர் செய்த கிட்டைக் கட்டிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் அச்சு பிரிகிறது, எந்த மூட்டு மறைகிறது, எதை ஒரே துண்டாக வார்க்கலாம் என்பதைக் கை அறிய வேண்டும். தாங்கள் 70 சதவீதம் போட்டிருப்பது அந்தப் பாடத்தின் மேல். மாணவனைப் பள்ளிக்குள் விடாமல், எங்கள் பள்ளியில் யாரும் தோற்றதில்லை என்று சொல்வதற்கு இது சமம்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. ஒன்றரை டன்னுக்கும் 108 கிராமுக்கும் இடையில் பொம்மை தொடங்கும் இடத்தில் எல்லைக்கல் நட வேண்டும். சர்வேயர் வந்தால் டீ என் செலவு.

2. கட்டாத சேஸிஸுக்கு 8706 இருப்பதுபோல, கட்டாத கிட்டுக்கும் தனி எண் தர வேண்டும். விதி 2(அ) அவர்களுக்கு அதில் வருத்தம் இருந்தால், அவரே வந்து ஒட்டிக் கொடுக்கலாம்.

3. வரியைக் குறைக்கச் சொல்லவில்லை. என்னிடம் வாங்கியதில் ஒரு பங்கைச் சேலம், நாமக்கல் பட்டறைகளில் எஃகு அச்சு வெட்டும் ஒருவருக்குக் கொடுங்கள். ஓர் அச்சு பல்லாயிரம் டிராக்டர் வார்க்கும். அந்தப் பெயிண்டரின் கேள்விக்கு, "நம்மூர்க்காரர்" என்று பதில் சொல்ல ஆசை.

4. அப்படி முதல் உள்ளூர் டிராக்டர் கிட் கடைக்கு வந்த மறுநாள், 70-ஐ 100 ஆக்கிக்கொள்ளுங்கள். எதிர்த்து ஒரு வரி எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
வரி செலுத்திய விளையாட்டுப் பிள்ளை.

நகல்: உயர்திரு 8701-ஆம் தலைப்பு அவர்களுக்கு, தகவலுக்காக.

இணைப்பு: டிராக்டரின் புகைப்படம் ஒன்று. பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தது. ஸ்கேல் இல்லாமல் எடுத்த படமும் இருக்கிறது. அதைப் பார்த்தால் தாங்களே 8701-க்கு அனுப்பிவிடுவீர்கள் என்பதால் இணைக்கவில்லை.