தாய்ப்பாசம் காக்கும் அமைச்சுக்குப் பதுளையிலிருந்து

மாண்புமிகு வெளிநாட்டு வேலைவாய்ப்பு அமைச்சுக்கு,

பிள்ளைகள் தாய் மடியில்தான் வளரவேண்டும் என்று தாங்கள் படும் கவலை பசறை, ஹாலிஎல, நமுனுகுல தேயிலைத் தோட்ட லயங்கள்வரை வந்து சேர்ந்திருக்கிறது. 2013 ஜூனில் வந்த சுற்றறிக்கை, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பெண் வீட்டுப் பணிக்குக் கடல் தாண்டக்கூடாது என்றது. பிள்ளை அதைவிட மூத்ததென்றால் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ வேண்டும் என்றது. பிள்ளையை யார் பார்ப்பார், எப்படிப் பார்ப்பார் என்று பிரதேச செயலகம்வரை விசாரணை.

கட்டாருக்கு லொறி ஓட்டப்போன தகப்பனிடம் இப்படியொரு காகிதம் கேட்கப்படவில்லை. அவனுக்குக் குடும்பம் உண்டு, பின்னணிதான் இல்லை போலும்.

அடுத்து நடந்தது அதிசயம். 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடு கைவிரித்தது. ஜூனில் அமைச்சரவை அந்த 5 வயதை 2 ஆக்கியது. டொலர் தட்டுப்பாடானதும் பிள்ளைகள் மூன்று வருஷம் முந்தியே வளர்ந்துவிட்டார்கள்! பால்மாவுக்கு வரிசையில் நின்ற ஆண்டில் இந்த வளர்ச்சி எப்படி வந்ததென்று சுகாதார அமைச்சு ஆராய்ந்தால் நல்லது.

ஆனால் தோட்டத்திலேயே வேலைக்குப் போகும் தாயைத் தங்கள் கவலை எட்டிப் பார்ப்பதில்லை. விடிந்ததும் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடி, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டி மலையேறுகிறவளிடம் எந்த அதிகாரியும் பின்னணி கேட்பதில்லை. கேட்பதெல்லாம் கிலோதான். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். கொழுந்து நிறுத்து முடித்து அவள் காம்பராவுக்கு இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். பல தோட்டங்களில் ஆண்களின் வேலை மதியத்தோடு முடிந்துவிடுவது தங்களுக்குத் தெரியாததல்ல.

சட்டப் புத்தகமும் தாய்மையை அளந்துதான் கொடுத்தது. பிரசவ விடுமுறை 84 நாள். ஆனால் இரண்டு பிள்ளை இருக்கிறவளுக்கு, 2018 திருத்தம் வரும்வரை, 42 நாள்தான். மூன்றாவதாகப் பிறந்த பிள்ளைக்கு அரைத் தாய் போதும் என்பது கணக்கு. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்ததுகூட 1984இல்தான்.

2024இல் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் நாடாளுமன்றம் போனார். அதே ஆண்டு மகளிர் வலுவூட்டல் சட்டமும் நிறைவேறியது. ஆகவே துணிந்து ஒரு விண்ணப்பம்: தனியார் துறைத் தகப்பனுக்கும் பிள்ளைப்பேற்று விடுமுறையைச் சட்டத்தில் எழுதுங்கள். அடுத்த படிவத்தில், ‘பிள்ளையைப் பார்ப்பவர் யார்?’ என்ற கேள்வியைத் தகப்பனிடமும் கேளுங்கள்.

படிவத்தைத் தமிழிலும் அச்சிட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
ஊவா மலைகளில் கொழுந்து பறிக்கும் தாய்மார் சார்பில்