கோல்ப் ஆட்டக்காரரின் வரவு செலவு: முள்ளியவளையிலிருந்து ஓர் ஆய்வு

தொழில்முறைக் கோல்ப் என்பது, 45.93 கிராமுக்கு மேற்படாத சிறு பந்து ஒன்றைப் பதினான்குக்கு மேற்படாத கோல்களால் அடித்து, 108 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழியொன்றினுள் இயன்றவரை குறைந்த அடிகளில் விழுத்துவதையும், அவ்வாறு விழுத்தியதற்காகப் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பதையும் ஒருங்கே குறிக்கும் தொழிலாகும். இவ்விரண்டில் பந்தை விழுத்துவதே கடினமானது என்று பொதுமக்கள் கருதுவர். இத்தொழிலில் இறங்கியோரின் கணக்குப் புத்தகங்களை ஆராயுமிடத்துப் பணத்துக்குக் காத்திருப்பதே கடினமானது என்பது புலனாகும்.

இத்தகைய ஆய்வை முள்ளியவளையிலிருந்து மேற்கொள்வது முறையா என்ற வினா எழலாம். தண்ணீரூற்றுக்கு அருகே, முல்லைத்தீவுப் பட்டினத்துக்குச் சற்று உள்ளே அமைந்துள்ள இவ்வூரில் காட்டு விநாயகர் கோயிலும் வித்தியானந்தாக் கல்லூரியும் வயல்களும் உள்ளனவேயன்றிக் கோல்ப் மைதானம் எதுவும் இல்லை. இலங்கையின் மைதானங்கள் கொழும்பிலும் நுவரெலியாவிலும் கண்டிக்கு அப்பால் திகனையிலும் அம்பாந்தோட்டையிலுமாகத் தெற்கே கிடக்கின்றன; இவ்வூர் அடங்கும் வன்னிப் பகுதியாருக்கு மிக அண்மையிலுள்ளவற்றுள் ஒன்று திருகோணமலை சீனக்குடாவில் விமானப் படையினர் நடத்துவது, அதற்கும் நேர்வழியில் கொக்கிளாய்க் களப்பு குறுக்கே கிடப்பதால் சுற்றியே போக வேண்டும். ஆயினும், சுற்றுப்பயண ஆட்டக்காரரின் வாழ்வு புல்லைப் பற்றியதன்று, கடனைப் பற்றியது என்பதால், அதை ஆராயும் தகுதி கொழும்பின் கழக அங்கத்தவரைவிட இவ்வூரவர்க்கே அதிகம் உண்டு. மேலும், வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை ஒட்டிக் கடல்நீரில் விளக்கெரிவதை ஆண்டுதோறும் கண்டு கும்பிடுபவர்களுக்கு, கோல்ப் ஆடிச் சோறு உண்ணலாம் என்ற செய்தி நம்ப முடியாததாக இராது.

சுற்றுப்பயணம் என்பதன் அமைப்பை முதலில் விளக்குதல் வேண்டும். ஒரு நாட்டிலோ பிராந்தியத்திலோ வாரத்துக்கொரு நகரமாக நடத்தப்படும் போட்டிகளின் தொடரே சுற்றுப்பயணம் எனப்படும். இலங்கை ஆட்டக்காரர் பெரும்பாலும் நாடிச் செல்வது, 2006 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்முறைச் சுற்றுப்பயணத்தையே ஆகும். அதில் இடம்பெறத் தகுதிச் சோதனை ஒன்றில் தேற வேண்டும். அச்சோதனைக்கும் கட்டணம் உண்டு. தேறியபின் ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், கெடி எனப்படும் பை தூக்கும் உதவியாளருக்கான கூலி, அறை வாடகை, சாப்பாடு, பயணச் செலவு ஆகியன தொடரும். போட்டி நான்கு நாட்கள் நடைபெறும். நூற்றுக்கு மேற்பட்டோர் முதல் இரண்டு நாட்கள் ஆடிய பின்னர், 'கட்' எனப்படும் கோடு கீறப்பட்டு, முதல் ஐம்பது பேரும் ஐம்பதாம் இடத்தைச் சமமாகப் பகிர்வோரும் மட்டுமே எஞ்சிய நாட்களில் ஆட அனுமதிக்கப்படுவர். பரிசுத் தொகை ஒரு கோடி இந்திய ரூபாயாயின், முதலிடம் பெறுபவர் பதினைந்து இலட்சத்தைக் கொண்டு போவார். கோட்டுக்குக் கீழே ஒரேயொரு அடியால் நின்றவருக்குக் கிடைப்பது, அடுத்த ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் ஓய்வு மட்டுமே.

சம்பளம் பெறுவதற்காக வேலைக்குச் செல்பவர், வேலை செய்வதற்கே பணம் கட்டுவது உலகில் அரிது என்று பொருளியலார் கூறக்கூடும். அவர்கள் வன்னியில் ஒரு காலபோகத்தையேனும் இருந்து பார்த்தவரல்லர். உழவுக் கூலி, விதைநெல், பசளை, களைநாசினி என அனைத்தையும் முன்கூட்டியே கொடுத்து முடித்து, ஐப்பசி மழை வருமா என்று வானத்தையும், வந்த மழை மார்கழியில் நிற்குமா என்று மறுபடி அதே வானத்தையும் பார்த்திருந்து, கதிர் முற்றும் தறுவாயில் யானை ஒன்று இரவோடிரவாக இறங்கிக் கோடு கீறிச் சென்றதன்பின், எஞ்சியதை அறுத்து, விலை விழுந்திருக்கும் வாரத்தில் விற்று, கடனைப் பாதி கட்டி, மீதிப் பாதியோடு சிறுபோகத்துக்கு ஆயத்தமாகும் கமக்காரர், கோல்ப் ஆட்டக்காரரின் வாழ்வில் அடி முதல் நுனி வரை அறியாதது எதுவுமில்லை. இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு கமக்காரருக்கே சாதகமானது: எல்லாம் பிழைத்த போகத்திலும் அவருக்கு மாட்டுக்கு வைக்கோலாவது மிஞ்சும். இருவரையும் வாட்டும் நோயும் ஒன்றே. போன முறை பிழைத்ததற்கு ஒரு காரணமும், அடுத்த முறை பிழைக்காது என்பதற்கு இரண்டு காரணங்களும் இருவர் கையிலும் எப்போதும் ஆயத்தமாக இருக்கும்.

பயணத்தைப் பொறுத்தவரை, கோல்ப் பை என்பது ஏறத்தாழ ஒரு பத்து வயதுப் பிள்ளையின் உயரமும் அரைமூடை அரிசியின் பாரமும் கொண்ட பொருள் என்பதை அறிந்து கொள்ளுதல் நன்று. விமான நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் அறவிடுகின்றன. முல்லைத்தீவிலிருந்து கொழும்பு செல்லும் இரவுப் பேருந்தில் அதனை ஏற்ற முயலும் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்வோமாயின், நடத்துநர் அதற்கு அரை ரிக்கற் கேட்பார் என்பதும், பின்னிருக்கைப் பெரியவர் அது மீன்பிடித் தூண்டிலா என்று விசாரிப்பார் என்பதும், மாங்குளத்தைத் தாண்டுமுன் பேருந்து முழுவதும் அவருடைய தொழிலின் எதிர்காலம் பற்றித் தீர்ப்பு வழங்கி முடித்திருக்கும் என்பதும் எளிதில் ஊகிக்கத்தக்கவை. தங்குமிடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: ஓர் அறையில் மூவர் படுப்பர், கட்டிலில் படுப்பவர் முன்னைய வாரத்தில் 'கட்' தாண்டியவர்.

குடும்பத்தின் நிலையே உண்மையில் ஆராய்ச்சிக்குரியது. வன்னியில் ஓர் இளைஞரின் தொழில் என்பது கலியாணத் தரகர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கத்தக்கதாக இருத்தல் அவசியம். ஆசிரியர், கிராம அலுவலர், வங்கி, வெளிநாடு என்பன இவ்வகையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழில்கள். "மாப்பிள்ளை பந்தடிக்கிறார், இன்னும் விழவில்லை" என்று சொல்லிக் குறிப்பு மாற்றிய தரகர் இதுவரை இருந்ததாகத் தெரியவில்லை. விளையாட்டு வீரர்களைப் பொருள் கொடுத்துத் தாங்குவோரை மேலை நாடுகளில் அனுசரணையாளர் என்பர். அந்நிறுவனங்களின் பெயர் ஆட்டக்காரரின் தொப்பியில் பொறிக்கப்பட்டிருக்கும். வன்னி இளைஞருக்கு இவ்விடத்தை நிரப்பக்கூடியவர் ரொறொன்ரோவிலோ பாரிசிலோ உள்ள மாமா ஒருவரே. அவர் தொப்பியில் பெயர் கேட்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் அழைத்து, எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்பார். தொப்பியே மேல்.

எனினும், பணமில்லாதோர் இவ்விளையாட்டில் வென்றதில்லை என்று கூறுவது வரலாற்றுக்கு முரணானது. தெற்காசியத் தொழில்முறைக் கோல்பின் முதுகெலும்பு கழக அங்கத்தவரின் பிள்ளைகளால் மட்டும் ஆனதன்று. அவர்களின் பைகளைத் தூக்கியோராலும் ஆனது. டெல்லி கோல்ப் கழகத்தில் கெடியாகத் தொடங்கிய அலி ஷேர், 1991 இல் இந்திய ஓபன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார்; அது குருட்டு அதிர்ஷ்டம் என்றோருக்காக 1993 இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா, 2009 இல் அதே பட்டத்தை வென்று ஏறத்தாழ இரண்டு இலட்சம் அமெரிக்க டொலர் பெற்றார். இலங்கையில் நந்தசேன பெரேராவும் அவர் மகன் மிதுன் பெரேராவும், அனுர ரோகனவும், தமிழரான தங்கராஜாவும் கடல் கடந்து ஆடிப் பெயர் பெற்றவர்கள். மிதுனும் அனுரவும் தங்கராஜாவும் இந்தியச் சுற்றுப்பயணத்தில் பட்டங்களும் வென்றவர்கள். மலேசியத் தமிழர்களிடையே ராமையா, குணசேகரன் போன்றோர் ஆசியப் போட்டிகளில் நெடுங்காலம் ஆடினர். பிறருடைய பந்தைப் பற்றைக்குள் தேடித் திரிந்தவருக்குத் தம்முடைய பந்து எங்கே போகக் கூடாதென்பது தெரிந்திருக்கும் என்பதே இதற்குக் கூறத்தக்க விளக்கம். முள்ளியவளையின் குறை பணமன்று என்பதும் இதனாற் பெறப்படும்: தூக்குவதற்குப் பை இல்லாமையே குறை.

தகுதியைப் பற்றிப் பேசுமிடத்து, மொறிஸ் பிளிட்குறொப்ட் என்ற ஆங்கிலேயரை மரியாதையுடன் நினைவுகூராமற் செல்லுதல் தகாது. பாரோ நகரத்தில் பாரந்தூக்கி இயக்குநராயிருந்த அவர், நூலகப் புத்தகத்தைப் படித்தும் கடற்கரையில் அடித்துப் பழகியும், தமது நாற்பத்தாறாம் வயதில், 1976 ஆம் ஆண்டு பிரித்தானிய ஓபனின் தகுதிச் சுற்றுக்கு விண்ணப்பித்தார். பயில்நிலை ஆட்டக்காரராயின் திறமைச் சான்று காட்ட வேண்டும் என்று படிவத்தில் இருந்தமையால், அச்சான்று இல்லாத அவர், தம்மைத் தொழில்முறையாளர் என்று குறித்தார். எழுபத்திரண்டு அடிகளில் முடிக்க வேண்டிய சுற்றை அவர் 121 அடிகளில் முடித்தார். அப்போட்டியின் வரலாற்றில் பதிவான மிகக்கூடிய எண்ணிக்கை அதுவே. அமைப்பாளர்கள் சினந்து தடை விதித்ததும், அவர் பிற்காலத்தில் பொய்ப் பெயர்களிலும் பொய் மீசையிலும் திரும்பத் திரும்ப வந்து ஆட முயன்றார். வேலையில்லாமை காரணமாகப் படிவத்தில் உள்ள எந்தப் பெட்டிக்குள்ளும் புள்ளடி இட்டுப் பார்க்கும் எமது பட்டதாரிகளுக்கு இவரே காவல் தெய்வமாகத் தக்கவர்.

படிவத்தின் வலிமையை மறுபக்கத்திலிருந்து அறிந்தவர் ஆர்ஜென்டீனாவின் ரொபேட்டோ டி விசென்சோ. கோல்பில் ஒருவரது அடிகளை உடன் ஆடுபவரே அட்டையில் எழுதுவார். ஆடியவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். 1968 இல் அமெரிக்காவின் ஒகஸ்தாவில், தமது நாற்பத்தைந்தாம் பிறந்தநாளன்று, மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதிச் சுற்றை விசென்சோ 65 அடிகளில் முடித்தார். பதினேழாம் குழியில் அவர் அடித்த மூன்றை உடன் ஆடியவர் நான்கு என்று எழுத, அவரும் கவனியாது கையொப்பமிட்டார். கூட எழுதிக் கையொப்பமிட்டால் கூடியதே நிலைக்கும் என்பது விதி. ஆதலால் 65 என்பது 66 ஆகி, வெற்றியாளருடன் சமநிலையில் நின்று மேலும் ஆடும் வாய்ப்பு ஓரடியால் பறிபோயிற்று. தொலைக்காட்சியில் உலகமே மூன்று என்று கண்டதே எனச் சிலர் வாதிட்டனர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழைத்ததால், தாம் தாமே என்று நிறுவுவதற்குப் பிரதேச செயலக வாங்கில் காத்திருந்த அனுபவமுடைய எவரும் அவ்வாறு வாதிடமாட்டார்.

விதிகளின் நுட்பத்தில் வன்னிக்கு மிக நெருங்கிய ஆவணம் ஒன்று உளது. 1940 இல் இலண்டன் மீது குண்டுகள் விழுந்த காலத்தில், அங்குள்ள றிச்மண்ட் கோல்ப் கழகம் தற்காலிக விதிகளை வெளியிட்டது. வேட்டுச் சத்தம் கேட்கும்போதும் குண்டு விழும்போதும் ஆட்டக்காரர் தண்டமின்றி ஒதுங்கிக் கொள்ளலாம். எதிரியால் பந்து அழிந்தால் வேறொன்றை வைக்கலாம். தாமதித்து வெடிக்கும் குண்டுகள் கிடப்பதாகத் தெரிந்த இடங்களில் சிவப்புக் கொடி நடப்பட்டிருக்கும், ஆனால் அக்கொடி நிற்கும் தூரம் பாதுகாப்பானது என்று கழகம் உறுதி கூறாது. அடிக்கும் கணத்தில் குண்டு வெடித்து அடி பிசகினால் மீண்டும் அடிக்கலாம், ஆயினும் ஓரடி தண்டமாகச் சேர்க்கப்படும். இதை வாசிக்கும் ஆங்கிலேயர் தம்மினத்தாரின் கலங்காமையை மெச்சுவர். 2009 க்குப் பின்னர் ஊர் திரும்பி, கண்ணிவெடி அகற்றுவோர் நட்ட சிவப்பு அடையாளங்களுக்கு நடுவே தம் வளவைத் தேடியவர்கள், இவ்விதிகளில் வேடிக்கையாக எதையும் காணமாட்டார்கள். அந்த ஓரடித் தண்டம் மட்டும் அவர்களுக்கு நன்கு பழக்கமானதாகத் தோன்றும். யார் வெடிக்க வைத்தாலும் கணக்கு அடித்தவன் பெயரிலேயே எழுதப்படும்.

ஆசையை வளர்க்கும் சான்றும் இல்லாமலில்லை. கேடு முழுவதும் அங்கிருந்தே விளைகிறது. இந்தியரான அர்ஜுன் அட்வால், 2010 இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஆடும் உரிமையை இழந்து சில வாரங்களே ஆன நிலையில், விண்டம் போட்டிக்கான திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் தேறி, அதே ஞாயிறன்று பட்டத்தையும், ஒன்பது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பரிசையும் வென்றார். அவ்வாறு திங்கட்கிழமை நுழைந்தவர் வென்றது 1986 க்குப் பின்னர் அதுவே முதன்முறை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இடைவெளிக்குப் பின்னர் நிகழ்ந்த இச்சம்பவத்தை நம்பி, ஒவ்வொரு திங்களும் உலகெங்கும் எண்ணற்றோர் பை தூக்கிப் புறப்படுகின்றனர்.

ஆதலின், முள்ளியவளைப் பெற்றோருக்கு விடுக்கத்தக்க வேண்டுகோள் இதுவே: பிள்ளை கோல்ப் ஆடப் போவதாகக் கூறின் மறிக்க வேண்டாம், சீனக்குடாவுக்குச் செல்லும் பேருந்துக் காசைக் கொடுத்து அனுப்புங்கள், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தும் கொள்ளுங்கள். காணி உறுதியை மட்டும் அவர் திரும்பி வரும்வரை வேறொரு வீட்டில் வைத்திருங்கள்.