நம்ம தெருப் பிள்ளை

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் ஆளாளுக்குக் கல்வி அதிகாரி. பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் வேண்டும். இரண்டும் எதிர்வீட்டு மாமாவுக்கு மனப்பாடம். பெற்றவள் செல்போனைத் தேடி எடுப்பதற்குள் அவர் வாசலில் நிற்பார். "நீங்க இன்னும் பாக்கலையா? நான் பாத்துட்டேனே!"

மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியது. பிள்ளைகளின் மனம் உடைகிறதாம். அரசுக்கு இரக்கம் வரலாம், ஊருக்கு வரலாமா? கைவிடப்பட்ட அந்தத் திருப்பணியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். பள்ளிக்கூடம் ஃப்ளெக்ஸ் கட்டியது. சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தரவரிசை வெளியிட்டார். மொத்த மதிப்பெண்ணை 1200-லிருந்து 600 ஆக்கிப் பார்த்தார்கள். மதிப்பெண்தான் பாதியானது, விசாரணை முழுசாக இருக்கிறது. 570 எடுத்தவளிடம் மீதி 30 எங்கே என்று கந்துவட்டிக்காரர் தோரணையில் கேட்கிறோம்.

இந்த விசாரணையில் பிள்ளை சோர்ந்துபோனால்? பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வர வேண்டும் என்றில்லை. எரிந்து விழுவதாக வரும். காரணம் பிடிபடாத வயிற்றுவலியாக வரும். ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பதாக, உயிராய் ஆடிய கிரிக்கெட்டை ஏறெடுத்தும் பார்க்காததாக வரும். இது டாக்டர்கள் சொல்வது. எங்கள் திண்ணை வைத்தியத்தில் இத்தனைக்கும் சேர்த்து நான்கே நோய்கள்: திமிர், சோம்பல், செல்போன், காதல். பெண்பிள்ளை என்றால் பட்டியலைக் கடைசியிலிருந்து படிப்பார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குள் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் தெரியவந்தது. ஐம்பது பேர் வகுப்பில் மூன்று, நான்கு பேர். ஆய்வே தேவையில்லை. அந்த மூன்று, நான்கு பேரை எங்கள் ஆட்கள் முன்பே கண்டுபிடித்து 'மெண்டல்' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள்.

சாதிக்கு வருவோம். வராமல் இருக்க ஊர் விடுமா? நாங்குநேரியில் 2023-இல் பட்டியலினத்து மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பையன்கள். அரிவாள் எந்தப் பாடத்திட்டத்தில் இருந்தது? பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பிள்ளைகளின் கையில் சாதிக்கயிறு வேண்டாம், நெற்றிக்குறி வேண்டாம் என்று 2024-இல் பரிந்துரைத்தது. பெரிய மனிதர்களுக்குப் பொத்துக்கொண்டு வந்ததே ஆவேசம்! கயிற்றுக்காக. பதினைந்து வயதில், "நீ என்ன ஆளுடா?" என்று அன்றாடம் விசாரிக்கப்பட்டு, பேச்சையும் சாப்பாட்டையும் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டவனுக்காக அதில் ஒரு துளியாவது சிந்தியிருக்கலாம். அவனுக்கு வயசுக் கோளாறு என்று சொல்லியாயிற்று. ஊருக்கு என்ன கோளாறு என்று பார்க்கத்தான் எந்த ஆஸ்பத்திரியிலும் சீட்டுப் போடுவதில்லை.

கடைசியில் ஒருநாள் அவன் தாய்க்காரி, 14416-க்குப் போன் போடட்டுமா என்கிறாள். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். 2022-இலிருந்து இருக்கிறது, ராப்பகலாகக் காசு வாங்காமல் தமிழிலேயே பேசுவார்கள். அதுவரை மைக் வைத்துப் பேசிய தெரு அப்போதுதான் குசுகுசுக்கும். "எதுக்கு தாயி அதெல்லாம்? வெளிய தெரிஞ்சா பெரியவளுக்கு வரன் அமையுமா?" மார்க் வாங்கிய நாளில் அவன் நம்ம தெருப் பிள்ளை. மாத்திரை வாங்கும் நாளில் உன் பிள்ளை, நீ வளர்த்த லட்சணம்.

ஆனாலும் எங்களுக்கும் ஈரம் உண்டு. வழி சொல்லித்தான் அனுப்புகிறோம்: "சீட்ட எடுத்துட்டு இங்க கடையில நிக்காத. டவுனுக்குப் போயி வாங்கிக்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் மட்டும் வேண்டாம், அந்த மருந்துக்கடை நம்ம ஆளு கடை."