முகம் தூக்கலின் ஆயுட்காலம்: வயோமிங் குதிரைப் பண்ணை ஒன்றை முன்வைத்து

அமெரிக்க மாநிலங்களுள் மக்கள்தொகை மிகக் குறைந்தது வயோமிங். மொத்தமே 6 லட்சத்துக்கும் கீழ்தான். சிகாகோவில் வளர்ந்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தாத்தாவின் குதிரைப் பண்ணையை அப்பா ஏற்றுக்கொண்ட காரணத்தால், அங்கே கொண்டுபோய் இறக்கப்படுகிறாள். (ஆய்வின் வசதிக்காக நாமே படைத்துக்கொண்ட பெண் இவள், குதிரைகளைப் பற்றிய செய்திகள் மெய்.) வண்டியிலிருந்து இறங்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அம்முகம் எப்போது இறங்கும், எதனால் இறங்கும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

முதலில் திணை. மேய்ச்சல் நிலமாதலின் இது முல்லை. முல்லைக்கு உரியது இருத்தல். இவளோ மருதத்துக்குரிய ஊடலைக் கையில் எடுக்கிறாள், அதுவும் பெற்றோரிடம். இதைத் திணைமயக்கம் என்று அமைதி கூறுவாரும் உளர். அம்மா "திமிர்" என்கிறாள். இரண்டும் ஒன்றே என்பது எம் துணிபு.

முகம் தூக்கலுக்கு இன்றியமையாதவை மூன்று: ஓய்வு, சாத்திக்கொள்ள ஒரு கதவு, பார்ப்பதற்கு ஆள். பண்ணையில் முதலில் பறிபோவது ஓய்வு. ஒரு குதிரை நாளொன்றுக்கு லத்தியும் மூத்திரமுமாகச் சுமார் 20 கிலோ கழிக்கும். ஆறு குதிரை என்றால் 120 கிலோ. முகத்தைத் தூக்கிக்கொண்டே இதை அள்ளிவிடலாம் என்பது இப்பெண்ணின் தொடக்கக்காலக் கோட்பாடு. முகம் மேலே இருந்தால் காலடி தெரியாது என்ற எளிய மறுப்பால் அது முதல் நாளே வீழ்ந்தது. பூட்ஸைக் கழுவியவள் அவளே.

பனிக்காலத்தில் நிலைமை மாறுகிறது. குதிரைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். குளிரில் குறைவாகக் குடித்தால் தின்ற உலர்புல் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது. ஆகவே பள்ளிப் பேருந்து வருமுன் தொட்டியில் உறைந்த பனிக்கட்டியைக் கோடரியால் உடைத்தாக வேண்டும். கோபம் உள்ள கையில் கோடரி நன்றாக இறங்கும் என்பதைத் தாத்தா கண்டுபிடித்து, அந்த வேலையை வேறு யாருக்கும் தருவதில்லை. ஊடலின் உற்பத்தித்திறன் பற்றி இதைவிடத் தெளிவான சான்று நம் இலக்கணங்களில் இல்லை.

இனி முதன்மைச் சான்று. பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குப் போட்டது. 1904இல் ஆராயக் குழுவே கூடியது. கேட்பவரின் தலை தம்மையறியாமல் அசையும் நுண்ணசைவைப் பார்த்தே அது தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907இல் ஓஸ்கார் ஃபுங்ஸ்ட் நிறுவினார். எல்லோரும் குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்றுதான் அதிலிருந்து முடிவுகட்டினார்கள். வீட்டில் பதின்பருவப் பிள்ளை உள்ளவர் எடுக்க வேண்டிய முடிவு வேறு. "ஒண்ணுமில்லை" என்ற சொல் அப்பாவிடம் செல்லும், குதிரையிடம் செல்லாது.

2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 28 குதிரைகளுக்கு மனித முகங்களைப் படமாகக் காட்டினர். சினந்த முகத்தைப் பார்த்தபோது அவை தலையைத் திருப்பி இடக்கண்ணால் நோக்கின. இதயத்துடிப்பும் விரைந்து ஏறியது. 2018இல் அவர்களே இன்னொன்றும் கண்டார்கள். காலையில் படத்தில் சினந்த முகம் காட்டியவர் சில மணிநேரம் கழித்து இயல்பான முகத்தோடு நேரில் வந்தாலும் குதிரை இடக்கண்ணாலேயே நோக்கியது. இங்கேதான் சிக்கல். வாளை இடப்பக்கம் தொங்கவிட்ட வீரர் காலத்திலிருந்து குதிரையில் இடப்பக்கமாக ஏறுவதே வழக்கம். ஆக, சேணத்தை அடைய நம் பெண் அந்த இடக்கண்ணைக் கடந்தே தீர வேண்டும்.

காலையில் கடுகடுத்த முகத்தோடு லாயத்துக்குப் போகிறாள்; பெண்குதிரை தலையை உதறிக் கடிவாளத்தை மறுக்கிறது. மாலையில் நல்லபடியாகவே போகிறாள். அப்போதும் அதே கண். "காலைல நடந்ததை இன்னும் மனசுல வெச்சிருக்கும்மா அது" என்று புகார் செய்கிறாள். "யார்கிட்ட கத்துக்கிச்சோ" என்கிறாள் அம்மா, தட்டைத் துடைத்தபடி.

அந்தி வெயிலில் நாலுகால் பாய்ச்சலில் போனதும் பெண்ணின் மனம் மாறிவிடும் என்பது திரைப்படக்காரர் கொள்கை. களத்தில் அதற்கு ஆதாரம் கிட்டவில்லை. கிட்டியது இதுதான்: லாயத்தில் முகம் தூக்கினால் வேலை இரட்டிப்பாகிறது, ஆகவே அவள் அங்கே தூக்குவதில்லை. பத்திரமாக எடுத்துவைத்து இரவு உணவுக்குக் கொண்டுவருகிறாள். ஒருநாள் தலையில் புல்லோடு வந்தவள் கொண்டுவர மறந்துபோனாள். இரண்டாம் முறை உருளைக்கிழங்கு வாங்கும்போதுதான் நினைவு வந்து மறுபடி மாட்டிக்கொண்டாள். அந்த இடைவெளியை முறிவாகக் கொள்வதா, இளைப்பாறலாகக் கொள்வதா என்பதில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. அப்பா முறிவு என்கிறார். தாத்தா, கோடரிக்கு வேறு ஆள் இல்லாததால், வலுவாக மறுக்கிறார். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு குதிரையைக் கட்ட முடியுமா என்று அம்மா கேட்டிருக்கிறாள்.