வெற்றிடம் வளர்த்த வள்ளல்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

மகாமேன்மை தங்கிய சுகாதார ஆளணிப் பெருந்தகைகளே! கொழும்பிலே அமைச்சாகவும், மாகாணத்திலே திணைக்களமாகவும், மாவட்டத்திலே பணிமனையாகவும் மூன்று திருமேனி கொண்டு, மூன்றிலும் ஒரே நேரத்தில் ஆசனத்தில் இல்லாதிருக்கும் அற்புதர்களே! அடியேனின் வணக்கம்.

நான் இணுவிலான். எங்கள் ஊர் தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பேர்போனது. முழக்கமில்லாமல் ஒருவரை வரவேற்றதும் இல்லை, வழியனுப்பியதும் இல்லை. தபாற்காரர் இளைப்பாறினாலும் வாழ்த்துமடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மண்டபத்தில் உரத்து வாசித்துக் கையளிப்போம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து, ஆட்சேர்ப்பு என்னும் கலையின் உச்சம் ஆளைச் சேர்க்காமலே இருப்பதுதான் என்று உலகுக்கு உணர்த்திய உங்களுக்கு இதுவரை ஒரு மடலும் எழுதப்படவில்லை. அந்தக் குறையைப் போக்கவே துணிந்தேன்.

உங்கள் பெருமை துலங்க வேண்டுமானால், உங்களுக்கு முன்னிருந்தவர்களின் சிறுமையை முதலிற் சொல்ல வேண்டும். எங்களூருக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் மானிப்பாய். அங்கே 1848 இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்றொரு அமெரிக்க வைத்தியர் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. ஆட்சேர்ப்புத் திட்டம் வரையவில்லை. வர்த்தமானியில் அறிவிக்கவில்லை. நோய் இருக்கிறது, வைத்தியர் இல்லை, ஆகவே வைத்தியரை உண்டாக்குவோம் என்ற பாமரத் தருக்கம் ஒன்றே அவரிடம் இருந்தது. கையில் அகப்பட்ட பெடியன்களைச் சேர்த்துப் படிப்பித்தார். 1864 தொடக்கம் தமிழிலேயே படிப்பித்தார். தமிழில் மருத்துவப் புத்தகம் இல்லையே என்று சொன்னவர்களுக்கு, உட்கார்ந்து மொழிபெயர்த்து அச்சடித்தே கொடுத்தார். கொழும்பில் மருத்துவப் பள்ளி திறந்த 1870 ஆம் ஆண்டுக்கு முன்னரே அவருடைய மாணாக்கர் ஊரூராக இருந்து நாடி பிடிக்கத் தொடங்கிவிட்டனர். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் இப்படி உருவானார்கள். அத்தனை பேருக்குமாகச் சேர்த்தாலும் உங்கள் காலத்துச் சிற்றூழியர் ஒருவரின் கோவைத் தடிப்புக்கு ஈடாகுமா அவர்களின் கடதாசி?

இந்தத் தொற்று எங்களூரையும் விட்டுவைக்கவில்லை. 1898 இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று இணுவிலிலே மக்லியட் வைத்தியசாலை எழுந்தது. லீச் சகோதரிகள் காசு திரட்டினார்கள். இசபெல்லா கர் என்ற பெண் வைத்தியர் கடல் கடந்து வந்து நடத்தினார். ஆண் வைத்தியர் முன் போகக் கூசிய பெண்களுக்குப் பெண் வைத்தியரையே கொண்டுவந்து இருத்துவது எவ்வளவு அவசரபுத்தி! நீங்கள் அன்று இருந்திருந்தால் ஒரு குழு அமைத்திருப்பீர்கள். அக்குழுவின் அறிக்கையை ஆராய ஓர் உபகுழு அமைத்திருப்பீர்கள். உபகுழுவின் சிபாரிசு திறைசேரிக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தப் பெண்களுக்குப் பிள்ளைபெறும் வயதே கடந்திருக்கும். ஒரு சதம் செலவில்லாமல் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

உங்கள் திருக்கரங்களில் ஓர் இடம் வெற்றிடமாகும் அழகைப் பார்த்துப் பார்த்து வியந்தவன் நான். ஒரு பிரதேச வைத்தியசாலையில் சிற்றூழியர் ஒருவர் இளைப்பாறுகிறார். அவர் அறுபதில் இளைப்பாறுவார் என்பது அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே தெரியும். ஆயினும் அதை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பது அபசகுனம் என்று விட்டுவிடுவீர்கள். அவர் மாலையும் மடலுமாக வீடு போன பிறகுதான் வைத்தியசாலையிலிருந்து பிராந்தியப் பணிமனைக்குக் கடிதம் புறப்படும். பணிமனை மாகாணப் பணிப்பாளருக்கு எழுதும். பணிப்பாளர் மாகாண அமைச்சுக்கு எழுதுவார். ஆளணியில் இடம் உண்டா என்று முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்திடம் கேட்கப்படும். ஆளணி இருந்தால் காசு உண்டா என்று திறைசேரியிடம் கேட்கப்படும். காசு இருந்தால் ஆட்சேர்ப்புத் திட்டம் காலத்துக்கு ஏற்றதா என்று மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் கேட்கப்படும். எங்கள் கந்தசுவாமியார் மஞ்சத்தில் எழுந்தருளினால் வீதி சுற்றி அன்றிரவே இருப்புக்கு வந்துவிடுவார். உங்கள் கடிதமோ எந்தச் சந்தியில் நிற்கிறது என்று வடம்பிடித்தவருக்கே தெரியாது. இப்பேர்ப்பட்ட திருவுலாவை வேறெந்த ஊர்க் கோயிலில் காண்பேன்?

போதாததற்கு 1987 இன் 13 ஆம் திருத்தம் உங்களுக்கு இன்னுமொரு வீதியையும் வெட்டித் தந்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்தியின் பிள்ளை. தெல்லிப்பழையும் சாவகச்சேரியும் மாகாணத்தின் பிள்ளைகள். மாகாணத்தின் பிள்ளைக்கு வேண்டிய மருத்துவரை மத்தி அனுப்ப வேண்டும். ஏன் ஆளில்லை என்று மாகாணத்தைக் கேட்டால் மத்தியைக் கேளுங்கள் என்பார்கள். மத்தியைக் கேட்டால் அது பகிரப்பட்ட அதிகாரம் ஐயா என்பார்கள். எந்த அதிகாரம் பகிரப்பட்டதோ இல்லையோ, பதில் சொல்லும் பொறுப்பை இரண்டு பக்கமும் ஒன்றும் மிஞ்சாத அளவுக்கு நேர்த்தியாகப் பகிர்ந்த அரசியல் ஞானத்தை எந்தச் சமஷ்டியில் கண்டோம்?

அப்படி நீங்கள் போற்றி வளர்க்கும் வெற்றிடம் என்னும் உத்தியோகத்தர் குணத்திலும் சிறந்தவர். லீவு கேட்பதில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவுப் படிவம் நிரப்புவதில்லை. கொழும்புக்கு இடமாற்றம் கேட்டு ஒருவரையும் பிடிப்பதில்லை. வேலைநிறுத்தம் செய்ததாக வரலாறே இல்லை. விடுதியிலே இரவு இரண்டு மணிக்கு நோயாளி கூப்பிட்டால் எரிந்து விழுவதும் இல்லை. இவரை விட்டுவிட்டுச் சம்பளம் கேட்கும் மனிதரை ஏன் எடுக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணுவது நியாயமே.

இனி மருத்துவமாதுக்களின் கதை. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த நாட்டின் பிரசவ மரணம் குறைந்ததற்கு, வீடு வீடாகப் போன இந்தப் பெண்களே காரணம் என்று வெளிநாட்டார்கூட எழுதுகிறார்கள். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. ஒருவரைப் பயிற்ற ஒன்றரை வருடம் போதும். இத்தனை எளிதாகக் கிடைக்கும் ஒன்றை ஏராளமாக வைத்திருந்தால் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்று நீங்கள் கண்டுகொண்டீர்கள். ஆகவே ஒரு பிரிவு மருத்துவமாதுவுக்குப் பக்கத்துப் பிரிவையும், அதற்கு அப்பாலுள்ள பிரிவையும் அன்பளிப்பாகச் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். காலையில் கிளினிக்கில் நிறைமாதக்காரிகளை நிறுத்துப் பார்த்து, மத்தியானம் பதிவேடு எழுதி, பின்னேரம் ஸ்கூட்டியில் தோட்டவெளி ஒழுங்கைகளால் மூன்று கிராமத்துக் கைக்குழந்தைகளையும் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு நீங்கள் அருளியிருப்பது சாதாரண உத்தியோகமா? ஒரே உடம்பில் மூன்று பேராக வாழும் யோகசித்தி அல்லவா? சித்தருக்கே வருடக் கணக்கில் தவமிருந்தால்தான் அது கைகூடும். நீங்களோ ஒரு சுற்றறிக்கையால் கைகூட வைக்கிறீர்கள்.

வயது விடயத்தில் நீங்கள் காட்டிய லீலையை என்னென்பேன்! 2021 நவம்பரில் அரச ஊழியர் 65 வயதுவரை இருக்கலாம் என்று வரவு செலவுத் திட்டத்தில் வரம் கொடுக்கப்பட்டது. மறு வருடம் ஆகஸ்ட் மாதம் அதே வரம் 60 ஆகச் சுருக்கப்பட்டது. 2022 டிசம்பர் 31 வாசலில் நின்றது. விசேட வைத்திய நிபுணர்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தை விட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேறினார்கள். ஒரு நிபுணர் உருவாக எத்தனை ஆண்டு என்று கணக்குப் பார்ப்பது வியாபாரிகளின் புத்தி. கணக்கெதுவும் பாராமல் மனிதரை இருத்தியும் எழுப்பியும் வேடிக்கை பார்ப்பது ஈசனின் புத்தி. நீங்கள் எந்தப் பக்கம் என்று ஊருக்குத் தெரியும்.

அதே 2022 இல் புதிய ஆட்சேர்ப்பையும் இடைநிறுத்தினீர்கள். அதே 2022 இல், அரச ஊழியர் சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம் வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் கெடாது என்று 14/2022 ஆம் சுற்றறிக்கை வந்தது. உள்ளே வரும் படலையைப் பூட்டி, வெளியே போகும் படலையை அகலத் திறந்து, வயதானவர்களை மதிலால் இறக்கிவிட்ட இந்த மும்முனைச் சாதுரியத்தை எந்த முகாமைத்துவப் பள்ளியில் கற்றீர்கள்? இதிலே என்னை மெய்சிலிர்க்க வைப்பது இன்னொன்று. மெல்பேர்னிலோ லண்டனிலோ வேலை பார்க்கும் மருத்துவருக்கு இங்கே நாற்காலி அப்படியே இருக்கிறது. அது அவருடையது ஆகையால் அதில் இன்னொருவரை இருத்தவும் முடியாது. அங்கே ஆள், இங்கே பதவி. மத்தியதர வகுப்பு இரட்டைக் குடியுரிமைக்கு அலையும் காலத்திலே, பதவிக்கே இரட்டை வதிவிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

புதியவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? 1978 இல் தொடங்கிய எங்கள் யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் தேறி வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு உள்ளகப் பயிற்சி நியமனம் கிடைக்கும்வரை மாதக்கணக்காக வீட்டில் இருந்து ஓய்வெடுக்கும் பாக்கியத்தையும் ஏற்படுத்தியிருக்கிறீர்கள். வைத்தியசாலையில் மருத்துவர் இல்லை, வீட்டில் மருத்துவர் இருக்கிறார். மாப்பிள்ளைச் சந்தைக்கு இதைவிட வசதி உண்டா? ஈற்றில் நியமனக் கடிதம் வரும்போது, தமிழ் 1987 முதல் அரச கரும மொழி என்பதை மறந்துபோன உறை ஒன்றில் சிங்களத்தில் வரும். அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி நாலு வீட்டுப் படலை தட்டுகையில் அயலட்டையோடு உறவு வளர்கிறது. சமூக ஒற்றுமைக்கு நீங்கள் செய்யும் இந்தத் தொண்டுக்கு வேறெந்த அமைச்சும் நிதி ஒதுக்கியதில்லை.

இருக்கும் நாற்காலிகளையும் வீணாக்காமல் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்குச் சாவகச்சேரி சாட்சி. 2024 யூலையில் அந்த ஆதார வைத்தியசாலையின் ஒற்றை அத்தியட்சகர் நாற்காலிக்கு இருவர் உரிமை கொண்டாடினார்கள். கடைகள் பூட்டப்பட்டன. சனம் வாசலில் திரண்டது. எங்கும் ஆளில்லை என்று அழும் நாட்டிலே ஒரு பதவிக்கு இரண்டு ஆளைக் காட்டிய வள்ளன்மையை மறப்பேனா? அவர்களில் ஒருவர் அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார். வைத்தியசாலைக்குப் பணியாளரைத் தராவிட்டாலும் நாட்டுக்குப் பிரதிநிதியைத் தந்தீர்கள்.

2024 சனவரியில் மருத்துவர்களின் ஒரு கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ஆக்கினார்கள். எங்களுக்கும் தாருங்கள் என்று 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலையை விட்டு வெளியே வந்தன. வைத்தியசாலைகளுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகச் சிப்பாய். ஓர் ஆளணி வெற்றிடமும் நிரப்பப்படாமலே வைத்தியசாலை நிரம்பியது. எங்கள் பகுதி மக்களுக்கு இராணுவத்தினரைச் சுகாதார உதவியாளராகக் கற்பனை செய்துபார்க்கக் கொஞ்சம் பழக்கம் தேவைப்படும். அதையும் காலப்போக்கில் நீங்கள் தருவீர்கள்.

இவையெல்லாவற்றுக்கும் மகுடமாக நான் கருதுவது சுகாதாரத் தொண்டர்களை நீங்கள் நடத்திய விதம். போர்க்காலத்தில் ஆளில்லாத விடுதிகளிலும் கிளினிக்குகளிலும் நுழைந்து, கிடைத்ததைச் செய்து, கிடைத்த சிறு கொடுப்பனவோடு, சில வேளை அதுவுமில்லாமல், வருடக் கணக்காக நின்றவர்கள் அவர்கள். காயத்துக்கு மருந்து கட்டினார்கள், இரத்தம் கழுவினார்கள், பிரேதத்தையும் தூக்கினார்கள். அவர்களில் பலர் நிரந்தர நியமனம் கேட்டு ஆளுநர் அலுவலகத்தின் முன் பந்தல் போட்டு இருந்தார்கள். வெயிலில் வாடியவர்களை நீங்கள் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தீர்கள். கல்வித் தகைமை பார்த்தீர்கள். தொண்டு செய்ததற்கு அத்தாட்சிக் கடிதம் கேட்டீர்கள், கடிதம் கொடுக்க வேண்டிய அலுவலர் எப்போதோ கனடா போய்விட்டார். வயதெல்லையைப் பார்த்தீர்கள். பதினைந்து வருடம் வேலை செய்தவருக்குப் பதினைந்து வயது கூடியிருந்தது. விதியிலே இதற்கு இடமில்லை என்று ஒரு முகச்சுளிப்புமின்றி எடுத்துச் சொன்னீர்கள்.

பிறகு அதே நியமனங்களுக்கென்று பட்டியல் ஒன்று வந்தது. அதை யார் எழுதினார்கள் என்று கேட்பது பண்பல்ல. தேர்தல் காலத்துப் பட்டியல்களுக்கு எழுத்தாளர் பெயர் இருப்பதில்லை. அதிலே பெயர் இருந்த இளைஞர்கள், மின்விளக்கு ஒளிரும் மண்டபத்தில் அமைச்சரின் திருக்கரத்தால் ஒவ்வொருவராக நியமனக் கடிதம் பெற்றார்கள். மறுநாள் விடுதிக்கு வந்தார்கள். ஒட்சிசன் சிலிண்டரை எப்படித் திறப்பது, நோயாளியை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்கும் நீங்கள் முன்கூட்டியே வழி செய்திருந்தீர்கள். பயிற்சிக்கென்று ஒரு சதமும் ஒதுக்காமல், வயது கூடியதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட அந்தப் பழைய தொண்டரையே கூப்பிட்டு, புதியவருக்கு வேலை பழக்கிவிடும்படி வாய்மொழியாகப் பணித்தீர்கள்.