பூஞ்சைக்கு எண்ணெய்க் குளியல்

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டால் எங்கள் சென்னை வீட்டுக் குளியலறைச் சுவரில் இந்திய வரைபடம் தெரிய ஆரம்பித்துவிடும். கார்த்திகைக்குள் இலங்கையும் சேர்ந்துகொள்ளும். டைல்ஸ் இடுக்கில் கறுப்பு, பரணில் பச்சை, என்னுடைய ஒரே லெதர் பெல்ட்டில் வெள்ளை என்று பூஞ்சை இடத்துக்கேற்ற உடுப்பில் வரும்.

பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தவரை அதற்குக் கொஞ்சம் பயம் இருந்தது. அந்த நெடியில் அம்மாவுக்கு இருமல் வந்ததும் பவுடரை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டோம். அதன் இடத்துக்கு வந்தது என் மச்சினி தயாரிக்கும் தாவர எண்ணெய்ச் சோப்பு நீர். வேப்பிலைப் படம் போட்ட லேபிளில் ‘நூறு சதவீதம் இயற்கை, கெமிக்கல் கிடையாது’ என்று அச்சடித்திருந்தாள்.

அது தயாராவதை ஒருமுறை பார்க்கப் போனேன். பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, வாய்க்கு மாஸ்க் சகிதம் பால்கனியில் நின்றிருந்தாள்.

“மாமா, கிட்ட வராதீங்க!”

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய கால் கிலோ காஸ்டிக் பொட்டாஷ் வேண்டும். அதையும் தண்ணீரில்தான் போட வேண்டும். அதன் தலையில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். எண்ணெயும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிய பிறகு மிஞ்சுவது சோப்பும் கிளிசரினும். அளவு சரியாக இருந்தால் காரம் மிச்சமிருக்காது. காஸ்டிக் சோடா என்றால் கட்டிச் சோப்பு, பொட்டாஷ் என்றால் கூழ்.

“கெமிக்கல் இல்லாம சோப்பே இல்லையேம்மா?”

“அது செய்யும்போதுதான் மாமா. முடிஞ்சப்புறம் இயற்கை.”

இந்த ரசாயனத்தை 1823-லேயே புத்தகமாகப் போட்டவர் செவ்ரேல் என்ற பிரெஞ்சுக்காரர், அவர் 102 வயது வரை இருந்தார் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவைத்தேன். அடுத்த லேபிளில் ‘ஆயுள் விருத்தி’ சேராமல் இருக்க வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல சோப்புதான். அடுப்புக்குப் பின்னால் வருஷக்கணக்காகத் தாளிப்பு தெறித்து ஒட்டிய பிசுக்கு, வெந்நீரில் இதைக் கலந்து துடைத்ததும் கழன்று வந்தது. ஃப்ரிட்ஜ் கைப்பிடி பளிச்சிட்டது. மிச்சமானதை இன்னும் கொஞ்சம் வேப்பெண்ணெயோடு கலந்து செம்பருத்திச் செடிக்கு அடித்ததில் மாவுப்பூச்சி கூட ஒதுங்கியது. ஒரே குறை வாசனை. வேப்பெண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே சேர்ப்பாள் போலிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, “யாருக்காவது அம்மை போட்டிருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

சிக்கல் குளியலறையில். எங்களுக்கு வருவது போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு, நுரை வர விடாமல், சுவரில் வெள்ளைப் படலமாக உட்கார்ந்துவிடும். அந்தப் படலம் கொழுப்புச் சமாச்சாரம். பூஞ்சைக்கு நல்ல தீனி. ஆக, வாராவாரம் பூஞ்சைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாப்பாடும் போட்டுக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் அந்தமானும் வந்தது.

டபுள் பவர் வேண்டும் என்று என் மனைவி சோப்பு நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். மொத்தமும் பால் திரிந்ததுபோல் திரிந்து, மேலே எண்ணெய்ப் பிசுக்கு மிதந்தது. சோப்பு காரத்தால் ஆனது. புளிப்பு பட்டால் கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். ‘தங்கச்சி சோப்பு சரியில்லையோ’ என்ற சந்தேகம் அவளுக்கு வந்ததை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன். ஒரு குடும்பஸ்தன் வேறென்ன செய்வான்?

உண்மையில் சோப்பு பூஞ்சையைச் சுரண்டி எடுக்கும். திரும்பி வராதே என்று தடுக்காது. பூஞ்சைக்கு வேண்டியது ஓதம். தேய்த்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட வேண்டும். அறையில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது சோர்ந்துவிடுமாம். மழைக்காலச் சென்னையில் அறுபதுக்குக் கீழே வேண்டுமானால் ஏ.சி. ஷோரூமில்தான் குடியேற வேண்டும். போகட்டும், இயற்கை இயற்கை என்கிறோமே, பூஞ்சையும் அதேதானே? அதன் மேல் லேபிள் ஒட்டத்தான் ஆளில்லை.

கடைசியில் பிளம்பர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“சோப்பெல்லாம் எதுக்கு சார்? மேல் வீட்டு பைப்பு கசியுது.”

சண்டைக்குத் தயாராகத்தான் மாடியேறினேன். கதவு திறந்ததும் குப்பென்று வேப்பெண்ணெய் வாசனை.

“வாங்க சார், உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். உங்க பாத்ரூம்ல பூஞ்சையே போயிடுச்சாமே! உங்க மச்சினி சொல்லித்தான் அஞ்சு லிட்டர் கேன் வாங்கினேன். எங்களுக்கு மட்டும் ஏன் சார் கேக்க மாட்டேங்குது?”

“அலசிட்டு நல்லாக் காயவிடுங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். பைப்பு கசிவதைப் பற்றி அசோசியேஷனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பெயர் போடாமல்.