எலெக்ட்ரானுக்கு என்ன அவசரம்?

கேள்வி: சுவிட்சைத் தட்டிய கணமே பல்பு எரிகிறதே, எலெக்ட்ரான் அவ்வளவு வேகமாகவா ஓடி வருகிறது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஓடுவதா! ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்மின்சாரம் பாய்ந்தால், எலெக்ட்ரான் கூட்டம் மணிக்குச் சுமார் 26 சென்டிமீட்டர்தான் முன்னேறும். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் பல்பைச் சேர ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். சோம்பேறி என்று திட்டிவிடாதீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நொடிக்குச் சுமார் 1,570 கிலோமீட்டர் வேகத்தில் திக்குத் திசை இல்லாமல் பறந்துகொண்டுதான் இருக்கிறது. அலைச்சல் மலையளவு, முன்னேற்றம் கடுகளவு. (சில கமிட்டிகள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

அப்புறம் பல்பு எப்படி உடனே எரிகிறது? பம்புசெட் குழாய் முழுக்க ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது. இந்த முனையில் தள்ளினால் அந்த முனையில் கொட்டும். கம்பியிலும் எலெக்ட்ரான்கள் முன்பே நிறைந்திருக்கின்றன, ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் 8-க்குப் பின் 22 சைபர் போடும் அளவுக்கு. "நகருங்கள்" என்ற உத்தரவைக் கொண்டு போவது மின்புலம். அது கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் போகிறது.

உங்கள் வீட்டுக்கு வருவதோ மாறுமின்சாரம். அதில் எலெக்ட்ரான், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நகராமல், நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடிவிட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதாவது, மின்வாரியம் உங்களுக்கு ஒரு எலெக்ட்ரானைக்கூட விற்பதில்லை. அவை நீங்கள் கடையில் வாங்கிய கம்பியோடு வந்தவை. பில் வருவது அவற்றை ஆட்டிவைத்த கூலிக்கு!